கை, கண், கேள்வி: பணியிலுள்ள மருத்துவர் ஸ்கேன் கற்கும் முறைகள் பற்றி ஒரு மதிப்பீடு

பணியிலிருக்கும் மருத்துவர் ஒருவர் அல்ட்ராசவுண்ட் கற்க முடிவெடுத்தால், இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. வார இறுதிப் பயிலரங்குகள் உண்டு. இணையத்தில் விரிவுரைகள் குவிந்து கிடக்கின்றன. சிமுலேட்டர்கள் வந்துவிட்டன. அரசு வகுத்த ஆறு மாதப் பயிற்சியும் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே சான்றிதழ் தருகின்றன. எது எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்காமல் விடுகிறது என்று எடைபோடும் பேச்சுதான் குறைவு. ஒரு பக்கம் புதிய கருவியைக் கொண்டாடும் குரல். இன்னொரு பக்கம் 'இது எங்கள் துறை' என்னும் ரேடியாலஜியின் மறுப்பு. இரண்டும் எந்த அளவுகோலை வைத்துப் பேசுகின்றன என்பது தெளிவாவதில்லை.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்ற பிறகு, நோயாளியின் அருகில் நின்று அந்த மருத்துவர் எடுக்கும் முடிவு முன்னைவிடச் சரியாக இருக்க வேண்டும். படம் தெளிவாக வருவதும், அறிகுறிகளின் பெயர்கள் நாவில் புரள்வதும் அதற்குத் துணை. அவை மட்டும் இருந்து முடிவு மேம்படவில்லை என்றால் பயிற்சி தோற்றது என்றே கொள்ள வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இதை நான்கு படிகளாகப் பிரிப்பதுண்டு: எதற்காக ஸ்கேன், படம் எடுத்தல், படத்தைப் படித்தல், அதன் மேல் சிகிச்சை முடிவு. இந்தப் பகுப்பு நல்ல கருவி. ஒரு பயிற்சி நான்கில் எத்தனையைத் தொடுகிறது என்று கேட்டாலே அதன் தரம் பாதி தெரிந்துவிடும்.

1958இல் கிளாஸ்கோவிலிருந்து இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும் லான்செட் இதழில் வயிற்றுக் கட்டிகள் பற்றிய கட்டுரையை வெளியிட்டதிலிருந்து வளர்ந்த மரபு, உறுப்பு முழுவதையும் ஆராய்ந்து அறிக்கை எழுதும் மரபு. படுக்கையருகு ஸ்கேன் அதன் சுருக்கப் பதிப்பு என்று நினைப்பது தவறு. அதன் அடிப்படையே வேறு. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா, நுரையீரல் சுருங்கி விலகியிருக்கிறதா, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று ஒரு விடை. சிகிச்சை தரும் மருத்துவரே கேட்டு, அவரே பார்த்து, அவரே முடிவெடுக்கிறார். மூரும் கோப்பலும் 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரை இதைத் தனித்த மருத்துவச் செயலாக நிலைநிறுத்தியது. கேள்வியைக் குறுக்கியதுதான் இந்தத் துறையின் உண்மையான சாதனை. குறுக்கியதால்தான் ரேடியாலஜிஸ்ட் அல்லாத ஒருவர் இதைக் கற்க முடிகிறது.

ஆனால் இதே அமைப்புக்குள் ஒரு குறையும் பிறவியிலேயே இருக்கிறது. கேள்வியைக் கேட்டவருக்கு அதன் விடை என்னவாக இருக்கும் என்று முன்பே ஓர் எண்ணம் இருக்கும். மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு நுரையீரலில் நீர் என்று மனதில் தீர்மானித்துவிட்டு புரோபை வைப்பவர், நீரைக் கண்டுவிடும் வாய்ப்பு அதிகம். ரேடியாலஜியில் கேட்பவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். அந்த இடைவெளி ஒரு காவல். படுக்கையருகில் அந்தக் காவல் இல்லை. எனவே இத்துறையில் எந்தப் பயிற்சியையும் மதிப்பிடும்போது நான் தேடுவது, இழந்துபோன அந்த இரண்டாவது கண்ணை அது எங்காவது திருப்பிக் கொண்டுவருகிறதா என்பதைத்தான்.

முதலில் பயிலரங்கு. நாம் அனைவரும் அறிந்த காட்சிதான். காலையில் அலைகளின் இயற்பியல் ஒரு மணி நேரம். பிறகு நான்கைந்து மேசைகள். ஒவ்வொன்றிலும் ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் சட்டையைக் கழற்றிப் படுத்திருப்பார். அவரைச் சுற்றி ஐந்தாறு மருத்துவர்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள். ஜெல், புரோப், பயிற்றுநரின் கை மேலே வந்து திருத்தும் கோணம். இதன் நிறையைக் குறைத்துப் பேசக்கூடாது. புரோபை நகர்த்துவதும், இருந்த இடத்திலேயே சாய்ப்பதும், சுழற்றுவதும், ஆட்டுவதும் வேறு வேறு அசைவுகள் என்பதைக் கைக்கு உணர்த்துவது விரிவுரையால் முடியாத காரியம். உள்ளங்கை விளிம்பை நோயாளியின் உடம்பில் ஊன்றிக்கொண்டால்தான் படம் நிற்கும் என்பதும், சாதாரண வயிற்று ஸ்கேனில் திரையின் இடப்பக்கம் இருக்கும் மார்க்கர் குறி இதய நிபுணர்களின் வழக்கில் வலப்பக்கம் போய்விடும் என்பதும் அங்கேதான் கையோடு கண்ணும் சேர்ந்து படிகின்றன.

குறை எங்கே என்றால், அங்கே படுத்திருக்கும் உடம்பு எப்போதும் இயல்பான உடம்பு. மெலிந்தவர், சொன்னதும் மூச்சை அடக்குபவர், புரண்டு படுக்கச் சொன்னால் புரள்பவர். நோயாளி இவர்களில் யாரும் இல்லை. வலது விலாவுக்கடியில், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள மாரிசன் பையை எடுத்துக்கொள்வோம். விபத்து நோயாளியிடம் ரத்தம் தேடும் ஃபாஸ்ட் ஸ்கேனின் முதல் நிறுத்தம் அது. இயல்பான உடம்பில் இரண்டு உறுப்புகளும் ஒட்டி, நடுவே ஒரு வெண்கோடு மட்டும் தெரியும். அந்தக் கோடு கிடைத்ததும் மேசையைச் சுற்றியுள்ளவர்கள் மகிழ்கிறார்கள். அடுத்தவர் கைக்குப் புரோப் போகிறது. உண்மையில் சிறிதளவு ரத்தம் பெரும்பாலும் முதலில் தெரிவது அந்தக் கோட்டின் நடுவில் அல்ல, கல்லீரலின் கீழ்நுனியைச் சுற்றி. அங்கே போக வேண்டுமானால் புரோபை இன்னும் கீழே இறக்கி, சிறுநீரகத்தின் கீழ்முனை வரை மெதுவாக விசிறிப் பார்க்க வேண்டும். ஒரு படத்தைப் பிடிப்பது ஒன்று. ஒரு பரப்பை முழுவதும் துழாவுவது இன்னொன்று. பயிலரங்கு முதலாவதைக் கற்பித்து, இரண்டாவதையும் கற்பித்ததாக நம்பவைத்து அனுப்புகிறது. ஆரோகண அவரோகணம் பாடத் தெரிந்தவரை ராகம் பாடுபவர் என்று நாம் ஏற்பதில்லை, இங்கே ஏற்கிறோம்.

பாடத்தின் உள்ளடக்கத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கழுத்து நாளத்தில் ஊசி ஏற்ற ஸ்கேன் துணை கொள்வது இத்துறையின் மிக உறுதியான பகுதி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002லேயே அதைப் பரிந்துரைத்துவிட்டது. ஊசி முனை திரையில் தெரிகிறதா இல்லையா என்பதில் மாயத்துக்கு இடமில்லை. மறுமுனையில், கீழ்ப்பெருஞ்சிரை மூச்சோடு சுருங்குவதைப் பார்த்து 'இவருக்குச் சலைன் தேவை' என்று சொல்லும் பாடம். பயிலரங்குகளில் இதற்குக் கிடைக்கும் இடம் அதன் ஆதாரத்துக்குப் பொருந்தாதது. நோயாளி எவ்வளவு வேகமாக மூச்சிழுக்கிறார், வென்டிலேட்டரில் இருக்கிறாரா, இதயத்தின் வலப்பக்கம் எப்படி இயங்குகிறது என்பவை எல்லாம் அந்தச் சிரையின் அளவை மாற்றும். எளிதாகப் படம் கிடைக்கிறது என்பதாலேயே அது பாடத்தில் முன்னுக்கு வந்திருக்கிறது. எடுக்க எளிதானதும் நம்பத் தகுந்ததும் ஒன்றல்ல என்று சொல்லித்தர வேண்டிய இடத்தில் இவை குழம்பிப்போகின்றன.

நுரையீரல் ஸ்கேன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; அதனாலேயே விரிவாகப் பார்க்கத் தக்கது. காற்று நிறைந்த உறுப்பை அல்ட்ராசவுண்டால் பார்க்க முடியாது என்பது பாடநூல் மரபு. பிரான்சின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிச்டென்ஸ்டைன் அந்த மரபைத் திருப்பிப் போட்டார். நுரையீரல் தெரியாவிட்டாலும் அதன் உறை தெரிகிறது. மூச்சோடு அது வழுக்கி நகர்கிறது. திரையில் தோன்றும் போலிக் கோடுகளுக்கே பொருள் இருக்கிறது. 2008இல் அவர் வெளியிட்ட ப்ளூ முறை, கடும் மூச்சுத் திணறலோடு வந்தவர்களில் 90.5 சதவீதத்தினருக்குச் சரியான காரணத்தைச் சொன்னது. மருத்துவச் சிந்தனையாக இது முதல் தரமானது. ஒழுங்கான கிளைப்படம், குறைந்த கேள்விகள், விரைந்த விடை.

அந்த ஆய்வைப் பயிலரங்கில் சொல்லும்போது விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. சேர்க்கப்பட்ட நோயாளிகள் 301 பேர். கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் 260 பேர். காரணம் உறுதியாகாதவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருந்தவர்களும், அரிய நோய் கொண்டவர்களும் நீக்கப்பட்டார்கள். ஆய்வுக்கு அது நியாயமான ஏற்பாடு. கட்டுரை அதை மறைக்கவும் இல்லை. ஆனால் நம் வார்டில் இதயச் செயலிழப்பும் நிமோனியாவும் ஒரே மார்பில் சேர்ந்திருக்கும் முதியவர் அரிதானவர் அல்ல. உறை வழுக்காவிட்டால் நியூமோதோராக்ஸ், அதாவது உறைக்குள் காற்றுக் கசிவு, என்று படித்துவந்தவர், பழைய காசநோயால் உறை ஒட்டிப்போன மார்பின் முன் தடுமாறுவார். வழுக்கல் இருந்தால் அந்த இடத்தில் காற்றுக் கசிவு இல்லை என்பது வலுவான கூற்று. வழுக்கல் இல்லை என்பதால் கசிவு உண்டு என்பது மிக வலுவற்றது. அதற்கு உறை விட்டுவிட்டுத் தொடும் எல்லைப் புள்ளியைத் தேடிக் காண வேண்டும். இந்த ஒருபக்கச் சாய்வைக் கற்பிக்காத நுரையீரல் பாடம் பாதிப் பாடம். அந்தப் பாதி, மார்பில் தேவையில்லாமல் குழாய் செருகும் அளவுக்கு ஆபத்தானது.

இதே சாய்வுதான் ஃபாஸ்ட் ஸ்கேனிலும். மழுங்கிய காயம் பட்டவர்களிடம் படுக்கையருகு ஸ்கேன் எவ்வளவு நம்பகமானது என்று 2018இல் காக்ரேன் தொகுப்பாய்வு கணக்கிட்டது. உள்காயம் உள்ளவரைக் காட்டித்தரும் திறன் 0.74, இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன் 0.96. அதாவது, உள்காயம் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 26 பேரை இது தவறவிடுகிறது. குழந்தைகளிடம் இன்னும் கூடுதல். ஆகவே 'இருக்கிறது' என்று ஸ்கேன் சொன்னால் அறுவை அரங்கை நோக்கி நகரலாம். 'தெரியவில்லை' என்று சொன்னால் எதுவும் முடிந்துவிடவில்லை. கற்றவர்களிடம் நான் காணும் பெரும் பிழை இந்த இரண்டாவது வாக்கியத்தை மறப்பது. கேஸ் ஷீட்டில் 'ஃபாஸ்ட் நெகட்டிவ்' என்று எழுதியதும் மனம் நிம்மதியடைந்துவிடுகிறது. எழுத வேண்டியது எந்தெந்த இடம் பார்க்கப்பட்டது, எது பார்க்க முடியாமல் போனது, எப்போது மறுபடி பார்க்கப்படும் என்பவை.

இதயம் நின்றவரிடம் ஸ்கேன் செய்வது இன்னும் கூர்மையான சோதனை. மார்பு அழுத்தத்தை நிறுத்திப் பார்க்கும் இடைவெளி பத்து விநாடியைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்கேன் இல்லாத இடைவெளி சராசரியாக 13 விநாடி. ஸ்கேன் சேர்ந்தபோது 21. பார்த்தவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. படம் எடுக்கத் தெரிந்தவர், படத்தைப் படித்து முடிக்கும்வரை கையை எடுக்க மனமில்லாமல் நின்றார் என்பதே பொருத்தமான விளக்கம். தீர்வு எளியது. அழுத்தம் நடக்கும்போதே புரோபை இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உரக்க விநாடி எண்ண வேண்டும். சில விநாடி வீடியோவைப் பதிவுசெய்துகொண்டு, அழுத்தம் தொடங்கிய பிறகு அதைப் பார்க்க வேண்டும். இது கைத்திறன் அல்ல, குழுவின் ஒழுங்கு. தனி ஆளாகச் சென்று தனி ஆளாகச் சான்றிதழ் வாங்கித் திரும்பும் பயிற்சி முறையில் இதற்கு இடமே இல்லை.

இணைய விரிவுரைகள் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. படிக்கும் படியை அவை நன்றாகவே கற்பிக்கின்றன. நோயுற்ற உடம்பின் படங்களை இவ்வளவு எண்ணிக்கையில் காண வேறு வழி கிடையாது. பயிலரங்கின் குறையை இந்த அளவில் ஈடுசெய்கின்றன. சிமுலேட்டர், அரிய காட்சிகளைக் கைக்குக் கொண்டுவருகிறது. ரப்பர் மார்பில் வியர்வையும் வலியும் விலாக்களுக்கு இடையிலான குறுகிய சந்தும் இல்லை. இரண்டும் துணைப்பாடங்கள்.

எண்ணிக்கை அளவுகோலுக்கு வருவோம். அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் 25 முதல் 50 ஸ்கேன்கள் என்கிறது. பிரிட்டனின் தீவிர சிகிச்சை வட்டாரத்தில் இதய ஸ்கேனுக்கு 50 என்பது நிலைபெற்ற எண். எண்ணின் நிறை வெளிப்படையானது: இரண்டு நாளில் முடிந்துவிடாது என்று அது சொல்கிறது, அலைக்கழிக்கும் அகநிலைத் தீர்ப்புக்குப் பதில் எல்லாருக்கும் பொதுவான ஒரு தரையை அமைக்கிறது. குறையும் வெளிப்படையானதே. தேங்கிய நீரைக் காண்பதும் பித்தப்பையின் சுவர்த் தடிப்பை மதிப்பிடுவதும் ஒரே எண்ணிக்கையில் கைவரும் திறன்கள் அல்ல. ஐம்பது இயல்பான இதயங்களைப் பார்த்தவரும், இருபது நோயுற்ற இதயங்களைப் பார்த்தவரும் பதிவேட்டில் தலைகீழாகத் தரம் பெறுகிறார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் வெறும் 25 ஸ்கேன் என்று சொல்லவில்லை. தர மதிப்பாய்வு செய்யப்பட்ட 25 ஸ்கேன் என்கிறது. பிரிட்டனின் ஐம்பதும் அப்படியே: மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு, பதிவேடு உண்டு, இறுதியில் நேரடித் தேர்வு உண்டு. எண் கடல் கடந்து நம்மிடம் வந்துவிட்டது; நிபந்தனை வரவில்லை. இங்கே பலரும் பதிவேட்டில் எண்ணிக்கை நிரப்புகிறார்கள். அந்தப் படங்கள் எங்கே என்று கேட்டால் காட்ட முடிவதில்லை. கருவியில் 'சேவ்' பொத்தானை அழுத்தும் பழக்கம் பல அவசரப் பிரிவுகளில் இன்னும் ஏற்படவில்லை. ஸ்கேன் முடிந்தது, ஜெல்லைத் துடைத்தாயிற்று, முடிவு சொல்லியாயிற்று. அந்த முடிவு சரியா என்று யாரும், சொன்னவர் உட்பட, பின்னால் அறிய வழியில்லை.

என் தீர்ப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. சேமிக்கப்படாத ஸ்கேனால் யாரும் கற்பதில்லை. இருநூறு முறை தவறாகப் பார்த்தவர் அனுபவசாலி ஆவதில்லை. தவறில் உறுதியானவர் ஆகிறார். படம் சேமிக்கப்பட்டு, ஒரு வாரத்துக்குள் இன்னொருவர் அதைப் பார்த்து, நோயாளியின் சி.டி. முடிவோடும் அறுவையில் கண்டதோடும் ஒப்பிட்டுச் சொன்னால்தான், நான் முன்பு குறிப்பிட்ட இரண்டாவது கண் திரும்பி வருகிறது. கேள்வி தேவையானதுதானா, பரப்பு முழுவதும் துழாவப்பட்டதா, படித்தது சரியா, முடிவு அதிலிருந்து பிறந்ததா என்று நான்கு படிகளையும் ஒரே மேசையில் எடைபோட முடிகிறது. இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க், வாரத்துக்கு ஒரு மணி நேரம், மனமுள்ள ஒரு ரேடியாலஜிஸ்ட். இரண்டு துறைகளுக்கும் இடையே நிலவும் எல்லைத் தகராறு தணிவதற்கும் இந்த மேசையே தகுந்த இடம். தங்கள் பார்வை மதிக்கப்படுகிறது என்று ரேடியாலஜிஸ்டுகளுக்கும், தங்கள் தேவை வேறு என்று படுக்கையருகு மருத்துவர்களுக்கும் புரியும்.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக ஏற்க வேண்டும். இவ்வளவு சரியாகக் கற்றாலும் நோயாளிகள் அதிகம் பிழைக்கிறார்களா? காரணம் தெரியாத ரத்த அழுத்த வீழ்ச்சியோடு வந்த 273 பேரிடம் நடந்த ஷாக்-எட் சோதனை, 2018இல், ஸ்கேன் செய்த பிரிவுக்கும் செய்யாத பிரிவுக்கும் பிழைப்பில் வேறுபாடு இல்லை என்றே முடிந்தது. ஆர்வலர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது முறையல்ல. அதே நேரம், அந்தச் சோதனையின் அளவு சிறியது. எல்லா வகை அதிர்ச்சி நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்தது. இதயத்தைச் சுற்றி நீர் அழுத்தும் ஒருவருக்கு ஸ்கேன் தரும் பலன், கிருமித் தொற்றால் வீழ்ந்த பலரின் நடுவே கரைந்துபோகும். நான் கொள்ளும் முடிவு: எல்லாரிடமும் புரோபை வைக்கும் பழக்கத்துக்கு ஆதாரம் இல்லை, கூர்மையான கேள்வி எழும்போது வைப்பதற்கு நியாயம் உண்டு. ஆகவே எதற்காக ஸ்கேன் என்ற முதல் படியே பயிற்சியில் மிகுந்த நேரம் பெற வேண்டும்.

இறுதியாகச் சட்டம். இந்தியாவில் இதைத் தவிர்த்து அல்ட்ராசவுண்ட் பற்றிப் பேச முடியாது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன உசிலம்பட்டியையும் சேலத்தையும் அறிந்த நாம், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேவையை விவாதிக்க வேண்டியதில்லை. கருவிகளைப் பதிவுசெய்வதும், கர்ப்பிணிகளுக்கான ஃபார்ம் எஃப் ஆவணமும் இருக்கவே வேண்டும். மதிப்பிட வேண்டியது 2014இல் வந்த ஆறு மாதப் பயிற்சி விதிகளை. எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு 300 மணி நேரம். கோட்பாடு, கைத்திறன், பதிவேடு, தேர்வு. இவற்றின் சில கூறுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் செல்லாதென்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பயிற்சி வடிவமாகப் பார்த்தால் இந்த விதிகள் எந்த வார இறுதிப் பயிலரங்கையும்விட மேலானவை. கால அளவு போதுமானது. பதிவேடும் தேர்வும் கட்டாயம்.

பொருத்தம்தான் இல்லை. பாடத்தின் பெயரே வயிறு, இடுப்புப் பகுதி ஸ்கேன் என்று எல்லை வகுக்கிறது. அவசரப் பிரிவில் நிற்பவர் தினமும் கேட்கும் கேள்விகள் மார்பிலும் இதயத்திலும் ரத்தநாளங்களிலும் இருக்கின்றன. கையடக்கக் கருவிகளைப் பதிவான வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்கு என்று கட்டுப்படுத்தும் 2012ஆம் ஆண்டு விதியும் அதன் நோக்கத்தில் நியாயமானது. ஆனால் நோயாளி இருக்கும் இடத்துக்குக் கருவி போவதுதான் இந்த மருத்துவத்தின் உயிர். சட்டத்தின் கண்காணிப்பில் ஒரு பிடியும் தளராமலேயே பாடத்தை இரண்டாகப் பிரிக்கலாம். கர்ப்பம் சார்ந்த ஸ்கேனுக்கு இப்போதுள்ள பாதை. நுரையீரல், இதயம், ரத்தநாளம், விபத்து ஆகியவற்றுக்குத் தனிப்பாதை. இரண்டிலும் படச் சேமிப்பும் மறுபார்வையும் கட்டாயம். கருவியில் பதிவாகும் ஒவ்வொரு படமும் சட்டத்துக்கும் சாட்சியாக நிற்கும் என்பதால், கண்காணிக்கும் அதிகாரிக்கும் இதில் ஆதாயமே. பாடம் அப்படிப் பிரிக்கப்படும்வரை, அவசர மருத்துவர் சட்டப்படியான தகுதியை ஒரு பயிற்சியில் தேடுவதும், தன் வேலைக்கு வேண்டியதை வேறோர் இடத்தில் யாருடைய மறுபார்வையும் இல்லாமல் கற்பதும் தொடரும்.